பீரங்கிப் பிரிவு பிரகாசம்

1991ஆம் ஆண்டு நவம்பர் பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. ஆவடியில் விடியற்காலையில் பிடித்த மழை நண்பகல் கடந்தும் ஓயவில்லை.

தந்தை பிரகாசத்தின் உலர்ந்த உதடுகளைப் பஞ்சால் நனைத்தவாறே, தலைமையாசிரியை தெரசா, வருங்காலச் சம்பந்தி லூர்தம்மாளுக்கு, அவர் போர்க்காலத்தில் வேலை பார்த்த கப்பலின் வரலாற்றை உரைத்துக்கொண்டிருந்தாள். பங்குத்தந்தை காலையிலேயே வந்து, இறுதி எண்ணெயான அவஸ்தை பூசிச் சென்றிருந்தார். இனிக் காத்திருப்பதொன்றே எஞ்சியிருந்தது.

“வெள்ளைக்காரங்களோட நாசகாரிக் கப்பல்ங்க. சண்டை நேரத்துல பர்மாவுக்குப் போன பட்டாளக் கப்பலுக்கெல்லாம் அதுதான் காவல். ஒரு நீர்மூழ்கியை விரட்டி விரட்டி முழுகடிச்சிருக்கு. அப்பா பீரங்கிப் பிரிவு.”

“யம்மாடி! எங்க வீட்டுக்காரரு பட்டாசுக்கே காதைப் பொத்திக்குவாரு,” என்றாள் லூர்தம்மாள்.

பீரங்கியைத் தொட்டதாகப் பிரகாசம் ஒருநாளும் சொன்னதில்லை. “குண்டு போட்டா கப்பலே குலுங்கும்” என்பார், அவ்வளவே. மீதியைக் கட்டி எழுப்பியவள் தெரசா. பள்ளித் தோழியரிடம் தொடங்கிய கட்டடம் அது. பின்னாளில் அக்கப்பலின் போர்வரலாற்றை நூலகத்தில் தேடிப் படித்தபோது, அதன் பீரங்கிகளை வெள்ளையர் மட்டுமே இயக்கினர் என்ற செய்தி கண்ணில் பட்டது. அவள் பக்கத்தைப் புரட்டிவிட்டாள். தந்தையிடம் அவள் கேட்கவில்லை. அவரும் மகளை ஒருநாளும் திருத்தவில்லை.

அந்நேரம் வாயிற்படியில் ஈர வேட்டியைப் பிழிந்துவிட்டு ஒரு முதியவர் உள்ளே வந்தார்.

“ஐயப்பன்தாங்கல்லேர்ந்து வரேம்மா. பேரு வீராசாமி. ஒங்கப்பனும் நானும் ஒரே கப்பலு.” பிறகு கட்டிலின்மேல் குனிந்தார். “இன்னா மாமே, கப்பலு கெளம்பசொல்ல நீ இன்னும் பட்துகினு கீறே?”

பிரகாசத்தின் கண்கள் திறந்தன. வாயோரத்தில் ஒரு சிரிப்பு அரும்ப முயன்றது. அதே கணத்தில் அவர் உடல் தன் கட்டுப்பாட்டை இழந்தது. நாற்றம் அறையெங்கும் பரவியது. லூர்தம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“ஆயா சாயங்காலந்தான் வரும்…” என்று தெரசா கைகளைப் பிசைந்தபடி நின்றாள்.

வீராசாமி எவரையும் எதிர்பார்க்கவில்லை. நண்பரைப் பக்கவாட்டில் புரட்டி, துணியை உருவி, துடைத்து, புதுத் துணியை இட்டு முடித்தார். அழுக்குத் துணி வாளிக்குள் சென்றது.

“இதுக்குப் போயி ஆயா எதுக்கும்மா? எத்தினி வெள்ளக்காரனுக்குக் கயுவிக்கீறோம் நாங்க! டோப்பாசுன்னு கூப்டுவான். கக்கூசு, வாந்தி, அல்லாம் எங்க ரெண்டு பேரு பொறுப்பு. ஒரு தபா புயலு. ஒங்க நைனா வாளியோட வழுக்கி, ஆபீசரு தலையிலயே அபிஷேகம் பண்ட்டாரு!”

அவர் குலுங்கிச் சிரித்தார். வேறெவரும் சிரிக்கவில்லை.

“இவரு என்னா சொல்றாரு?” என்றாள் லூர்தம்மாள், முந்தானையை விலக்காமலே.

தை மாதம் தெரசாவின் மகளுக்கும் லூர்தம்மாளின் மகனுக்கும் திருமணம்.

“இந்தப் பெரியவர் வேற யாரையோ நெனச்சிக்கிட்டுப் பேசறாருங்க. எங்கப்பா பீரங்கிப் பிரிவு.”

வகுப்பறையில் ஒலிக்கும் அதே தெளிவுடன் அக்குரல் ஒலித்தது.

பிரகாசத்தின் பார்வை மகளின் முகத்துக்கு வந்து, அங்கேயே நெடுநேரம் தங்கியது. பின்னர் மெல்ல வீராசாமியின் பக்கம் திரும்பியது.

“இவன்… யாரு? எனக்கு… தெரியாது.”

வாளியைத் தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. வீராசாமி நண்பரை உற்றுப் பார்த்தார். அடுத்துத் தெரசாவைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“ஆமாம்மா. ஆளு மாறிப்போச்சு. அது வேற பிரகாசம். அவன் குட்டையா, கன்னங்கரேல்னு இருப்பான். எனக்கும் வயசாச்சில்ல, கண்ணு தெர்ல.”

முன்பின் அறியாதவரின் காலைப் பிடிப்பதுபோல் தயங்கி, பிரகாசத்தின் பாதத்தை ஒருமுறை பற்றிவிட்டு, வாளியுடன் புழக்கடை வழியே வெளியேறினார்.

“பாவம், புத்தி பிசகிடுச்சு போல,” என்றாள் லூர்தம்மாள் நிம்மதியாக. “ஆனா கை கூசாம செஞ்சாரு, சொல்லணும்.”

தெரசா எழுந்து புழக்கடைக்குச் சென்றாள். துவைகல்லருகே வாளி இருந்தது. தெருக்கோடியில் அம்முதியவரின் முதுகு மழையினூடே இன்னும் தெரிந்தது. கூப்பிடு தூரந்தான்.

அவள் குத்துக்காலிட்டு அமர்ந்து, இரு கைகளையும் வாளிக்குள் விட்டாள். உள்ளே லூர்தம்மாள் அவளைப் பெயர்சொல்லி அழைத்தாள், மீண்டும் அழைத்தாள், பிறகு உரத்த குரலில் இறந்தோருக்கான செபத்தைத் தொடங்கினாள். தெரசா துணியைக் கசக்கிப் பிழிந்தாள். நனைத்து, மறுபடியும் பிழிந்தாள்.

அப்போது பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடம்.