ஒரு துளை கீழே

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் மண்டையில் உதித்தது இல்லை. வலது தோள் இறுகிப்போய், தலை வாரிக்கொள்ளக்கூடக் கையைத் தூக்க முடியாமல் பிசியோதெரபி நிலையத்துக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தேன். அங்கே காத்திருக்கும்போது கண்ணில் பட்டது. பட்டதை எடுத்துக்கொண்டேன். யாரையும் கேட்டு எடுக்கவில்லை.

நீளமான தாழ்வாரம். ஒரு பக்கம் திரை போட்ட படுக்கைகள், மறுபக்கம் சுவரோரமாக நாற்காலிகள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஓர் அக்கா. அவளுடைய தங்கை அப்போதுதான் நடைப்பயிற்சியை முடித்துவிட்டு, திரைக்குப் பின்னால் ஒத்தட விளக்கின் கீழே படுத்திருந்தாள். தங்கையின் கைத்தடி அக்காவின் முழங்காலில் சாய்ந்திருந்தது. அலுமினியத் தடி. கீழ்க்குழாயை உள்ளே தள்ளலாம், வெளியே இழுக்கலாம். வரிசையாகத் துளைகள் இருக்கும், ஒரு சின்னப் பொத்தான் வேண்டிய துளையில் வந்து உட்காரும்.

அக்கா படித்துக்கொண்டிருந்த பத்திரிகையை மடியில் கவிழ்த்தாள். தடியை எடுத்தாள், பொத்தானை அழுத்தினாள். டக். ஒரு துளை கீழே இறக்கிவிட்டு, பழையபடி சாய்த்துவைத்தாள். பிறகு பத்திரிகையில் விட்ட இடத்தைத் தேட ஆரம்பித்தாள்.

சற்று முன்புதான் பிசியோக்காரர் அந்தத் தடியைத் தங்கையின் மணிக்கட்டு மடிப்புக்குச் சரியாக அளந்து வைத்திருந்தார். "இதுக்கு ஒரு விரல் குறைஞ்சாலும் உடம்பு சாயும், இடுப்பு வலிக்கும், கால் இழுக்கும்" என்று அவர் சொன்னதை நானும் கேட்டேன், அக்காவும் கேட்டாள்.

அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. கலைந்த தலையணையை ஒழுங்குபடுத்துகிறவளின் முகம். என்னை அரித்தது அதுதான்.

2

ஆரம்பம், முதல் முயற்சி: 'அவள் ஒரு பாவி.' அடித்துவிட்டேன். முதல் வரியிலேயே தீர்ப்பைப் படித்துவிட்டால் அப்புறம் நீங்கள் எதற்கு?

இரண்டாவது: 'அவளுக்குத் தன் தங்கையின் மேல் அளவு கடந்த—' அளவு கடந்த என்ன? பாசம் என்று போட்டால் பொய்யாக இருக்கிறது. வன்மம் என்று போட்டாலும் பொய்யாகத்தான் இருக்கிறது. வாக்கியத்தை நடுவழியிலேயே இறக்கிவிட்டுவிட்டேன். அது இன்னும் அங்கேயே நிற்கிறது, பாருங்கள்.

மூன்றாவது: 'மனித மனம் ஓர் இருண்ட...' என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். எதைப் படிக்கக் கொடுத்தாலும் கையில் சிவப்புப் பேனாவோடுதான் உட்காருவார். இந்த வரிக்குப் பக்கத்தில், 'தெரிந்ததுதான். மேலே போ' என்று எழுதினார்.

போகிறேன்.

3

அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். புது ஃபிரேமை முகத்தில் மாட்டிப் பார்த்து, காதுக்குப் பின்னால் வளைத்து, மூக்கின் மேல் சரியாக உட்காரவைப்பது அவள் வேலை. என்னிடம் முதன்முதலாகப் பேசியதே என் கண்ணாடியைப் பார்த்துத்தான்.

"கழட்டிக் குடுங்க. இடது பக்கம் சாஞ்சிருக்கு."

"பழகிடுச்சுங்க."

"அதான் சொல்றேன். லேசா சாஞ்சிருந்தா முதல் நாள் உறுத்தும். ரெண்டு நாள் போனா தலையே அதுக்கேத்த மாதிரி சாஞ்சுக்கும். அப்புறம் கழுத்து வலிக்குது, மண்டை வலிக்குதுன்னு டாக்டர் டாக்டரா அலைவாங்க. கண்ணாடிய மட்டும் யாரும் சந்தேகப்படமாட்டாங்க."

கைப்பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்துச் சரிசெய்து கொடுத்தாள். இப்போது இதை எழுதும்போது போட்டிருப்பதும் அந்தக் கண்ணாடிதான். கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது.

தங்கை, பெண்கள் சலூனில் முடி வெட்டுகிறவள். அங்கே வேலை செய்கிற ஒவ்வொருத்திக்கும் தனி நாற்காலி உண்டு. அவளுடைய நாற்காலிக்கென்றே வருகிறவர்கள் இருந்தார்கள். சலூனுக்கு மேலேயே ஓர் அறை பார்த்து, தனியாகக் குடிபோக முடிவு செய்திருந்தாள். பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது. போகவேண்டிய நாளுக்கு முந்தின நாள், அக்காவோடு இருந்த வீட்டின் படியிலேயே வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். இப்போது எலும்பு கூடிவிட்டது. நடைதான் கூடவில்லை. சலூன்காரம்மா இந்த மாதம் முடியும்வரை நாற்காலியைக் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்கு மேல் அவருக்குத் தாங்காது. இவள் நடந்தால் நாற்காலி, இல்லாவிட்டால் இல்லை.

(தள்ளிவிட்டாளா என்று கேட்கிறீர்கள். இல்லை. விழுந்தபோது அக்கா கடையில் இருந்தாள். நானும் முதலில் அதைத்தான் விசாரித்தேன். இல்லை என்று தெரிந்ததும் எனக்கு வந்தது நிம்மதி இல்லை, சின்ன ஏமாற்றம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

"பெட்டியெல்லாம் கட்டினபடியேதான் கெடக்கு. நான் பிரிக்கல" என்றாள் அக்கா ஒருநாள். "குளிப்பாட்டி, தல துவட்டி விடறேன். சின்ன வயசுல பண்ணது. அவ திரும்ப என் கைக்குள்ள வந்துட்ட மாதிரி இருக்கு."

[குறிப்பு: இந்த வரி என் கைச்சரக்கு இல்லை. நானாக எழுதியிருந்தால் வீட்டுக்காரர், 'விடையை நீயே சொல்லிட்டே' என்று அடித்திருப்பார். உண்மையான மனிதர்கள் விடையை இப்படிப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள்.]

4

இந்த இடத்தில் அக்காவின் சிறுவயதைக் கற்பனை செய்து நீளமாக எழுதியிருந்தேன். அம்மா அப்பா இல்லாத வீடு, தங்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு அலைந்தது, தனக்கு வந்த வரனைத் தட்டிக்கழித்தது. எழுதியவரை நன்றாகவே இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். ஒரு காரணம் கிடைத்துவிட்டால் நமக்கெல்லாம் சௌகரியமாகப் போய்விடும். 'ஓ, அதனாலதான்' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

பதிலுக்கு என்னைப் பற்றிச் சொல்கிறேன். போன வருஷம் என் நாத்தனார் போன் செய்து, மகனை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று அழுதாள். 'அய்யய்யோ' என்றேன். மனதாரத்தான் சொன்னேன். ஆனால் அதே நேரத்தில் உள்ளே ஒருத்தி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்ததும் எனக்குத் தெரிந்தது. அவளுக்கு நாத்தனார் மேல் பகை கிடையாது. நடப்பதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மேலே சொல்லு, அப்புறம் என்னாச்சு என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

அவள் எல்லார் வீட்டிலும் இருக்கிறாள். அக்காவின் வீட்டில் அவளுக்குக் கை முளைத்துவிட்டது.

5

அடுத்தடுத்த வாரங்களில் அதே டக் சத்தத்தை மறுபடி மறுபடி கேட்டேன். ஒவ்வொரு முறையும் தங்கை கோணலாக நடந்து வருவாள், பிசியோக்காரர் தடியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். பொத்தான் தேய்ந்துவிட்டது என்று புதுத் தடி வாங்கவைத்தார். அதுவும் இறங்கியது. "கம்பெனிக்காரனுங்க ஏமாத்துறானுங்க" என்றார். ஒருநாள் அவருக்கும் பொறுமை போய்விட்டது. அடுத்த படுக்கையில் நான் கையைக் கயிற்றில் மாட்டித் தொங்கவிட்டிருந்தேன். நடுவே ஒரு திரைதான்.

"நீங்க வீட்ல பயிற்சியே பண்றதில்ல போல. எலும்பு சேந்தாச்சு. மனசுதான் ஒத்துழைக்கல. நடக்கணும்னு ஆசை இருக்கா இல்லையா?"

"இருக்கு சார்." தங்கையின் குரல் அமுங்கிப்போய் வந்தது. "கண்ணாடி முன்னாடி நின்னு கத்திரிய பிடிச்சுப் பாக்குறேன். கொஞ்ச நேரத்துல இடுப்பு விட்டுப்போகுது. எனக்கே என் மேல சந்தேகமா இருக்கு. ஒருவேளை நான்தான் சோம்பேறியோ என்னவோ."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். திரையை விலக்க ஒரு நல்ல கை எனக்கு இருந்தது. ஆனால் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? 'எனக்கே என் மேல சந்தேகமா இருக்கு' என்ற வசனம் பிரமாதம், வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடக்கூடாது. வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது என்று எழுதும்போது வாக்கியம் சரியாக விழுந்திருக்கிறதா என்றும் பார்க்கிறேன்.

6

முடிவுகள், இதுவரை யோசித்தவை:

அக்கா தானாகவே ஒப்புக்கொண்டு அழுகிறாள். தங்கை மன்னிக்கிறாள். (அழுதால் நான் நம்பமாட்டேன். அந்த முகம் அழாது.)

தங்கைக்கு எல்லாம் தெரியும், தெரிந்தேதான் தடியை வாங்கிக்கொள்கிறாள். (அழகான முடிவு. அழகாக இருப்பதாலேயே சந்தேகமாக இருக்கிறது. பழி அவள் மேலேயே திரும்பிவிடுகிறது.)

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி பிசியோக்காரரிடம்—

வீட்டுக்காரர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

"இதெல்லாம் இருக்கட்டும். நீ சொன்னியா இல்லையா?"

"கதை இன்னும் முடியலங்க."

"நான் கதைய கேக்கல."

7

மாதக் கடைசியில் சலூன்காரம்மாவே நேரில் வந்துவிட்டார். கைப்பையை அணைத்துப் பிடித்தபடி தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் நின்றார். பிசியோக்காரர் அன்றைக்கு மட்டும் வரிசையை மாற்றினார். "முதல்ல ஒத்தடம், உடம்பு இளகட்டும். அப்புறம் மேடம் முன்னாடி நடந்து காட்டுங்க." தடியை அளந்து வைத்துவிட்டு, தங்கையைத் திரைக்குள் அழைத்துப் போனார்.

தடி அக்காவிடம் வந்தது. டக். ஒரு துளை கீழே. இன்று இப்படி நடந்தால் நாற்காலி போய்விடும் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தங்கைக்குத் தண்ணீர் எடுத்துவர எழுந்து போனாள். தடி நாற்காலியோடு தனியாக நின்றது.

நான் எடுத்துவிட்டேன். நல்லவளாகிவிட வேண்டும், அதுவும் யாருக்கும் தெரியாமல் ஆகிவிட வேண்டும் என்று ஓர் அவசரம். சொல்வதைவிடச் செய்துவிடுவது சுலபமாகத் தோன்றியது. வலது கை ஒத்துழைக்கவில்லை. தடியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, இடது கையால் பொத்தானை அழுத்தி, குழாயை வெளியே இழுத்தேன். இழுத்த வேகத்தில் குழாய் கொஞ்சம் திரும்பிக்கொண்டது. திரை அசைந்தது. அவசரமாகச் சாய்த்து வைத்தேன்.

டக் என்ற சத்தம் வரவில்லை. வைத்த பிறகுதான் அது உறைத்தது. பொத்தான் எந்தத் துளையிலும் உட்காரவில்லை. குழாய் வெறுமனே இறுகி நின்றது. முழுப் பாரம் விழுந்தால் சரேலென்று உள்ளே போய்விடும்.

பிசியோக்காரர் தடியை எடுத்துத் தங்கையிடம் கொடுத்தார். சலூன்காரம்மா இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தவர் அளவைக் கவனிக்கவில்லை. தங்கை எழுந்தாள். ஓர் அடி. இன்னொரு அடி. பயத்தில் தடியைத் தொட்டும் தொடாமலும்தான் வைத்தாள்.

"பயப்படாதீங்க. தடி மேல நல்லா ஊனி நடங்க."

'நில்லுங்க' என்ற சொல் என் வாயில் இருந்தது. சொன்னால், உனக்கெப்படித் தெரியும், நீ ஏன் தொட்டாய் என்றெல்லாம் வரும். அதற்குப் பயந்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். பாதி உண்மைதான் அது. மீதியையும் சொல்கிறேன். உள்ளே ஒருத்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இத்தனை நாள் தேடின முடிவு என் கண்ணெதிரே நடந்து போய்க்கொண்டிருந்தது.

"நில்லு!"

அது என் குரல் இல்லை. தண்ணீர் டம்ளர் உருண்டது. தாழ்வாரத்தின் நடுவிலிருந்து அக்கா ஓடிவந்தாள். ஃபிரேமில் இல்லாத திருகாணியைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிற கண் அது. தங்கையை இடுப்போடு சேர்த்து, தன் உடம்பு முழுவதாலும் பிடித்துக்கொண்டாள். தடி நழுவி, உள்ளே மடங்கி, என் காலடியில் வந்து விழுந்தது.

"பொத்தான் உக்காரல" என்றாள் மூச்சு வாங்க.

"நான் அப்பவே சொன்னேன், இந்தத் தடியே மோசம்" என்றார் பிசியோக்காரர்.

அக்கா குனிந்து தடியை எடுத்தாள். அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"தோள் வலியோட நீங்க எதுக்குங்க இதையெல்லாம் தொடுறீங்க?" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "சத்தம் வர்ற வரைக்கும் கைய எடுக்கக்கூடாது."

தங்கையின் முன்னால் மண்டியிட்டாள், முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு. விழாமலிருக்க தங்கை அக்காவின் தலையைப் பிடித்துக்கொண்டாள். அந்த விரல்கள் தாமாகவே கலைந்த முடியைக் கோதி ஒதுக்கின. அக்கா குழாயை இழுத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே அசையாமல் இருந்தாள்.

டக்.

எந்தத் துளை என்று எனக்குத் தெரியவில்லை. முதுகு மறைத்தது. தங்கை நடப்பதைப் பார்க்க நான் நிற்கவும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

8

இப்போது வேறு நிலையத்துக்குப் போகிறேன். தோள் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை.

"முடிவு எங்க?" என்றார் வீட்டுக்காரர், கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு.

"தெரியாது."

"போய்ப் பாத்தா தெரிஞ்சிடும்ல. அந்த சலூன் ரெண்டு தெரு தள்ளித்தான இருக்கு?"

ஆமாம், ரெண்டு தெருதான். ஜன்னல் வழியாகப் பார்த்தாலே நாற்காலி தெரியும். நான் சுற்றுவழியாகத்தான் கடைக்குப் போய்வருகிறேன். முடிவை வாசகரிடம் விட்டுவிடுவதுதான் நல்ல எழுத்து என்று அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். கணக்கு வாத்தியாரிடம் அதெல்லாம் எடுபடாது.

காரணம் வேறு. அந்த நாற்காலிக்குப் பின்னால் தங்கை நின்றுகொண்டிருந்தால், கடைசி நொடியில் அக்கா சரியான துளையில் வைத்திருக்கிறாள். அப்படியானால் அந்தத் தாழ்வாரத்தில் ஒருத்தி விழுவதற்காகக் காத்திருந்தவள் நான் ஒருத்திதான். வேறு யாராவது நின்றால், எனக்குத் துணை இருக்கிறது. இரண்டில் எதைப் பார்க்க ஆசைப்படுகிறேன் என்று ஒருநாள் தெருமுனையில் நின்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பதில் உடனே வந்தது. அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

நீங்கள் வேண்டுமானால் போங்கள். முடி வெட்டிக்கொள்கிற சாக்கில் உள்ளேயே போய்ப் பார்க்கலாம். ஆனால் தெருமுனையில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள். 'பொத்தான் உட்காரவில்லை' என்று நான் எழுதிய இடத்தில், அவள் விழுவாளா என்று உங்களுக்குள் யார் கேட்டார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே என்ன கண்டாலும் என்னிடம் வந்து சொல்லவேண்டாம்.