வியாழன் வரைக்கும் நடை

சாவு வீட்டு வழக்கப்படி வரவேற்பறைக் கண்ணாடியின் மேல் போர்வையை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தபோது ஆந்தூலாவின் கைபேசி அடித்தது. கீலி. அப்பாவுக்கு உடற்பயிற்சி கொடுக்கும் மருத்துவமனை பிசியோ. அவளுக்குச் சொல்ல மறந்தேபோயிருந்தது.

அப்பா பந்தெலிஸ் விடியற்காலை ஐந்து மணிக்கு இறந்தார். நுரையீரலில் ரத்தம் உறைந்திருக்கும் என்றார் ஆம்புலன்ஸ்காரர். ஏழரைக்கே உடலை எடுத்துப்போய்விட்டார்கள். தொடை எலும்பில் புற்றுநோய்; வரும் வியாழக்கிழமை அறுவை நடப்பதாக இருந்தது. அதற்கு முன் காலும் மூச்சும் தேற வேண்டுமென்று ஆறு வாரப் பயிற்சி. வாரம் மூன்று நாள் கீலி திரையில் வந்து பக்கத்தில் நிற்பதுபோல் பார்த்துக்கொள்வாள். தினசரி நடையை நல்ல காலின் கணுக்காலில் கட்டிய பட்டை ஒவ்வோர் அடியாக எண்ணி அவளுக்கு அனுப்பிவிடும்.

போர்ட் அடிலெய்டில் நாற்பது வருஷம் மீன் விற்ற வாய் அப்பாவுடையது. காலைப் பத்து தடவை தூக்கக் கீலி சொன்னால், "ஆறு" என்பார்.

"ஒன்பது, பந்தெலிஸ்."

"ஏழு. நீ நல்ல பொண்ணுங்கறதால சொல்றேன்."

எட்டில் படியும். எட்டை வாங்கியவள்தான் ஜெயித்ததாக நினைத்துக்கொள்வாள். அப்பா ஐந்துக்குமேல் தூக்கவே மாட்டார். மீதியை மூச்சு வாங்கியே ஒப்பேற்றிவிடுவார்.

நேற்று மாலை அவர் போனில், "இன்னைக்கு முடியலடி" என்றார். ஆந்தூலா வேலையில் இருந்தாள்; கடையில் வரிசை நின்றது. "அறுநூறு அடிதான் பாக்கி, எந்திரிங்கப்பா. எல்லாத்துலயும் பேரமா?" என்று வைத்துவிட்டாள். ராத்திரி கைபேசியில் பார்த்தபோது அன்றைய அடிக்கணக்கு நிறைந்திருந்தது. அந்த அறுநூறு அடிதான் அவரைக் கொன்றதோ என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆந்தூலா, குட் மார்னிங்!" என்றாள் கீலி. "உங்கப்பா இன்னைக்கு அசத்துறாரு. இப்பவே நானூத்திப் பன்னெண்டு அடி!"

ஆந்தூலாவின் கையிலிருந்து போர்வை நழுவியது.

"கீலி... அப்பா காலைல போயிட்டாரு."

கீலியின் குரல் சின்னதாகிவிட்டது. "ஐயோ. ஐயோ, மன்னிச்சிடுங்க. நான்... ஆனா இங்க..."

"இங்க என்ன?"

"நானூத்திப் பதினேழு."

ஆந்தூலா மேசையிலிருந்த காகிதப் பையைக் கவிழ்த்தாள். உடலை எடுத்தவர்கள் கழற்றிக் கொடுத்தவை: சிலுவை, கைக்கடிகாரம், காதுக்கருவி. பட்டை இல்லை.

"இருபத்தொண்ணு" என்றாள் கீலி, கேட்காமலேயே.

அம்மா அடுப்படியில் இருப்பாள்; வீட்டில் வேறு யாருமில்லை. அடுப்பில் அப்பாவின் ஈமப் பிரார்த்தனைக்கான கோதுமை கொதிக்கிற சத்தம். அதற்குப் பின்னால் இன்னொரு சத்தம். மரத்தரையில் ஓர் அடி. ஒரு நிதானம். இன்னோர் அடி. வலிக்கும் காலை இழுத்துக்கொண்டு அப்பா நடப்பாரே, அதே இடைவெளி.

அவள் நடைவழிக்குத் திரும்பினாள்.

அம்மா. கறுப்பு உடை, தடித்த கறுப்புக் காலுறை. கணுக்காலில் உறைக்கடியில் ஒரு புடைப்பு. சுவரைத் தொட்டபடி நடந்துகொண்டிருந்தாள் எவ்தோக்கியா.

"அம்மா! அது எப்படி உங்ககிட்ட?"

"முதல் வாரத்துலேர்ந்தே எங்கிட்டதான். வாரம் மூணு நாள் அந்தப் பொண்ணு பாக்கறப்ப மட்டும் அவருக்கு மாட்டிவிடுவேன்."

"நேத்து அறுநூறு?"

"நான்தான். அவரு சோஃபாலேர்ந்து அசையவே இல்ல. 'நல்ல வேகமா நடக்காத, மாட்டிக்குவோம். என்ன மாதிரி இழு'ன்னு திட்டிக்கிட்டே படுத்திருந்தாரு."

ஆந்தூலா சுவரில் சாய்ந்தாள். உள்ளே எதுவோ அவிழ்ந்தது. அவிழ்ந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது: அசையாமல் படுத்தே கிடந்ததால்தான் ரத்தம் உறைந்ததோ?

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

"ஆபரேஷனே வேணாம்னு நின்னாரே, ஞாபகம் இல்லியா? மூணு நாள் பேரம் பேசுனேன். 'நீ நட, நான் காலை வெட்டக் குடுக்கறேன்'னாரு. சரின்னேன்." அம்மா மூச்சு வாங்கினாள், நிற்கவில்லை. "வியாழன் வரைக்கும்னு பேச்சு."

"அம்மா, அப்பாதான்..."

"அவரு பேச்சு மாறுனா நானும் மாறணுமா?"

கைபேசியில் கீலி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "ஆந்தூலா? நான் இதை நிறுத்திடட்டுமா?"

அம்மா நடைவழியின் கோடிக்கு வந்திருந்தாள். காலையிலிருந்து மூடிக்கிடந்த படுக்கையறைக் கதவு எதிரே வர, திரும்புவதற்குச் சிரமப்பட்டாள்.

"வேணாம், விடுங்க" என்றாள் ஆந்தூலா.

போய் அந்தக் கதவைத் திறந்து, மூடிக்கொள்ளாமலிருக்க ஒரு செருப்பை முட்டுக்கொடுத்தாள். அம்மா உள்ளே போய்க் கட்டிலை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.