நடுவில் ஒரு நாற்காலி

"பெட்டியைக் கொஞ்சம் உள்சுவர் பக்கம் தள்ளிக்கலாங்களா? ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில அடிக்குது" என்று கேட்டுக்கொண்டே அந்த ஆள் பெட்டியின் ஒரு மூலையைப் பிடித்துவிட்டான். அனுமதி கேட்பதும் காரியத்தைத் தொடங்குவதும் அவனுக்கு ஒரே மூச்சில் நடக்கும் போலிருந்தது. மறுமூலையை அவனோடு வந்திருந்த புகைப்படக்காரர் பிடித்தார். பெட்டிக்குள் அப்பா லேசாக அசைந்தார்.

"கையை எடுங்க" என்றாள் மகள்.

எடுத்துவிட்டான். ஆனால் அதற்குள் பெட்டி அவன் நினைத்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. அவன் அப்பாவின் கம்பெனிச் சேர்மனுடைய பி.ஆர்.ஓ. சாவு வீட்டுக்கென்றே இஸ்திரி போட்டதுபோல ஒரு வெள்ளைச் சட்டை. காலையிலிருந்து மூன்று முறை வந்து போய்விட்டான். ஒவ்வொரு முறையும் ஹாலில் ஏதோ ஒன்று இடம் மாறியது. முதலில் தொலைக்காட்சி, பிறகு திரைச்சீலை. இப்போது அப்பா.

"சேர்மன் ஐயா இங்க தலைமாட்டுல உக்காருவார். சாரோட அந்த உயரமான நாற்காலியைப் போட்டுடலாம். பின்னாடி மாடல் இருக்கும். ரெண்டே நிமிஷம், மேடம்."

மாடல் என்பது அப்பா வரைந்த கம்பெனித் தலைமை அலுவலகத்தின் அட்டை மாதிரி. அதை ஒரு வேனில் ஏற்றிக் கொண்டுவந்து அப்பாவின் புத்தக அலமாரிமேல் வைத்திருந்தார்கள். வீட்டில் பிணம் கிடக்கும்போது கட்டடத்தைத் தூக்கிக்கொண்டு வருகிற கூட்டத்தை என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வாயில் வந்ததையெல்லாம் அம்மாவின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

அப்பா ஆர்க்கிடெக்ட். மற்றவர்கள் மனிதர்கள் குடியிருக்கக் கட்டடம் வரைந்தார்கள். அப்பா ஒரு மனிதரைப் பெரியவராகக் காட்டுவதற்கு வரைந்தார். இது மகள் சொல்வது. அப்பா அதற்கு வைத்திருந்த பெயர் கான்செப்ட். சேர்மனைப் பற்றி ஊரில் முணுமுணுப்பு இருந்தது. ஒரு தொழிற்சாலையை இழுத்து மூடி, ஆட்களைத் தெருவில் விட்ட கதை இன்னும் ஆறவில்லை. நாலு விளம்பரம் கொடுத்தால் சரியாகிவிடும் என்று பி.ஆர்.ஓ. சொன்னானாம். விளம்பரத்தைக் கிழித்துப் போடுவார்கள், கட்டடத்தைக் கிழிக்க முடியாது என்று அப்பா சொன்னாராம். சேர்மன் எழுந்து வந்து அப்பாவின் தோளில் தட்டினாராம். அந்தத் தட்டல் அப்பாவுக்குப் பல வருடம் போதுமானதாக இருந்தது.

அப்படிப் பிறந்ததுதான் தலைமை அலுவலகத்தின் அந்தக் கூடம். வாசலிலிருந்து சேர்மனின் அறைக்கதவு வரை ஒரே நீளம். தரை கண்ணுக்குத் தெரியாமல் மேலேறும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நெஞ்சுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் கறுப்புக் கல், முகம் பார்க்கிற அளவுக்குப் பாலீஷ். பார்க்க வருகிறவன் கதவைத் தொடும்போது மூச்சு வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் நிதானமாக இருக்க வேண்டும். வழியில் உட்கார ஓர் இடம் கிடையாது.

"உக்காந்தவன் பேரம் பேசுவான். நிக்கிறவன் தலையாட்டிட்டுப் போயிடுவான்" என்று அப்பா சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரிப்பார். சேர்மனுக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துப்போயிற்று என்பதையும் கூடவே சொல்வார்.

போன வருடம் அப்பாவின் இதயம் மக்கர் செய்தது. மகளுக்கு வேலையே நோயாளிகளை நடக்கவைப்பதுதான்; அவள் பிசியோதெரபிஸ்ட். கொஞ்சம் நடக்கணும், கொஞ்சம் உட்காரணும், வீம்பு கூடாது என்று அப்பாவுக்குப் படித்துப் படித்துச் சொன்னாள். அப்பாவும் வெட்கத்தை விட்டுச் சேர்மனிடம் கேட்டிருக்கிறார், கூடத்தின் நடுவில் ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளலாமா, தூணுக்குப் பின்னால் மறைவாக, என்று.

"என்ன சொன்னார் தெரியுமா? 'உங்க கான்செப்ட்ட நீங்களே கெடுக்கலாமா'ன்னுட்டார்!" அப்பா அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மகள் சிரிக்கவில்லை. சோற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்து போனாள்.

நேற்று மதியம் அந்தக் கூடத்தில் விழுந்துவிட்டார் என்று மட்டும்தான் தொலைபேசியில் சொன்னார்கள். அதற்குமேல் யாரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. இப்போது பி.ஆர்.ஓ. தானாகவே சொன்னான். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னான்.

"சார் கடைசி வரைக்கும் அந்த பில்டிங்கைத்தான் பாத்துக்கிட்டிருந்தார், மேடம். நாங்க உள்ள கேமராவுல பாத்துட்டே இருந்தோம். நடுவுல நின்னுட்டார். சுவத்துல கை வெச்சு அப்படியே தடவிப் பாத்தார். ஐயாகூட சொன்னார், 'பாரு, பெத்த புள்ளைய ரசிக்கிற மாதிரி ரசிக்கிறார், யாரும் போய்த் தொந்தரவு பண்ணாதீங்க'ன்னு. இதையே இன்னிக்குப் பேட்டியில சொல்லலாம்னு இருக்கோம்."

பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"எவ்வளவு நேரம்?" என்றாள் மகள்.

"என்ன மேடம்?"

"எவ்வளவு நேரம் ரசிச்சார்?"

"அது... ரொம்ப நேரம் மேடம்."

"பிடிச்சுக்க ஒண்ணும் இல்லையா அங்க?"

"பாலீஷ் கல்லுங்களே. கை வழுக்கும்." சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது போலிருந்தது. தொலைபேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டு, "ஐயா கிளம்பிட்டாரான்னு கேட்டுட்டு வர்றேன்" என்று வெளியே போனான்.

அம்மா மறுபடி துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

மகளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தச் சேர்மன்மேல், கேமரா முன்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர்கள்மேல், பிறகு அப்பாமேலும். இவருக்கு யார் சொன்னார்கள் கல்லை இவ்வளவு வழவழப்பாக இழைக்கச் சொல்லி? தன் கையாலேயே வரைந்து, தன் வாயாலேயே பெருமை பேசி, கடைசியில் அதிலேயே போய் விழுந்தாரே. செத்துக் கிடப்பவரை எழுப்பி உட்காரவைத்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது. அழுகை வரவில்லை.

அவள் ஹாலில் இருந்த நாற்காலிகளைத் தூக்க ஆரம்பித்தாள். முதலில் அப்பாவின் உயரமான நாற்காலி. அப்புறம் சாப்பாட்டு மேசை நாற்காலிகள். வாடகைக்கு எடுத்து வந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி இழுத்தாள். எல்லாவற்றையும் படுக்கையறைக்குள் தள்ளினாள்.

மாமா பதறிக்கொண்டு வந்தார். அம்மாவின் தம்பி அவர். காலையிலிருந்து காரியங்களை ஓடியாடிப் பார்ப்பது அவர்தான். "என்னம்மா பண்றே? வர்றவங்க எங்க உக்காருவாங்க?"

"யாரும் உக்கார வேணாம், மாமா."

"பைத்தியமா உனக்கு? பெரிய பெரிய ஆளெல்லாம் வர்றாங்க."

"அதான்."

அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "அக்காவும் பொண்ணும் சேர்ந்து என் மானத்தை வாங்கப் போறீங்க" என்று முனகிவிட்டு மாமா வாசலுக்குப் போய்விட்டார்.

ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் நின்றார்கள். சாவு வீட்டில் எங்கே நாற்காலி என்று கேட்கவா முடியும்? ஒருவர் காலை மாற்றி மாற்றி ஊன்றினார், ஒருவர் சன்னல் விளிம்பில் சாய்ந்தார். மகள் மூன்றாவது மாடியிலிருந்து தெருவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஒரே ஒரு ஆள் வந்து நின்றால் போதும்.

கறுப்புக் கார் வந்தது. லிஃப்ட் சின்னது, சேர்மனும் மலர்வளையமும் ஒரு நடையில் வந்தார்கள், மற்றவர்கள் அடுத்த நடையில். சேர்மன் நல்ல கனத்த சரீரம். முகத்தில் துக்கத்தைத் தயாராக வைத்திருந்தார். மலர்வளையத்தை வைத்தார், தலை குனிந்தார், புகைப்படக்காரர் எடுத்தார். பிறகு, முழங்காலை மடக்கினால் பின்னால் ஒரு நாற்காலி தானாக வந்து சேரும் என்று பழகிப்போன மனிதருக்கே உரிய தைரியத்தோடு லேசாகப் பின்னால் சாய்ந்தார். ஒன்றும் வரவில்லை. திரும்பிப் பார்த்தார்.

"சேர்... ஐயாவுக்கு ஒரு சேர் எடுங்க" என்று பி.ஆர்.ஓ. பல்லைக் கடித்துக்கொண்டு நாலா பக்கமும் கேட்டான்.

"இல்லைங்க" என்றாள் மகள். "வர்றவங்க உக்காரக் கூடாது. அப்பாவோட கான்செப்ட்."

சேர்மன் அவளை இப்போதுதான் பார்த்தார். "என்னம்மா சொல்றே?"

"நிக்கிறவன் தலையாட்டிட்டுப் போயிடுவான்னு அப்பா சொல்வாரே, உங்களுக்குப் பிடிச்ச வரியாமே. நின்னு பாருங்க. நாங்களும் பாத்துட்டிருக்கோம்."

ஹாலில் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. அதில் பெரிய மூச்சு சேர்மனுடையது. சட்டென்று கிளம்பினால் ஓடியதாக ஆகிவிடும்; வாசலில் பத்திரிகைக்காரர்கள் நின்றார்கள். எனவே நின்றார். நெற்றியில் வியர்வை அரும்பியது. ஒரு கையைச் சுவரில் ஊன்றினார். இந்த வீட்டுச் சுவர் சொரசொரப்பானது, கைக்குப் பிடி கிடைத்தது. அதுகூட மகளுக்குப் பொறுக்கவில்லை.

நிற்கட்டும், என்று நினைத்தாள். கால் கெஞ்சட்டும். யாரும் போய்த் தொந்தரவு பண்ணக் கூடாது.

அப்போது அம்மா எழுந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு சமையலறைக்குள் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு ஸ்டூல் இருந்தது, மேல் அலமாரியில் டப்பா எடுக்க ஏறி நிற்கிற மரஸ்டூல். மகள் அம்மாவை முறைத்தாள். இந்த அம்மா எப்போதும் இப்படித்தான். வீட்டைக் கொளுத்த வந்தவனுக்கும் குடிக்கத் தண்ணீர் கொடுப்பாள். சேர்மன் ஸ்டூலைப் பார்த்துவிட்டார். அவர் முழங்கால் பாதி மடங்கிவிட்டது.

அம்மா அவரைத் தாண்டிப் போனாள்.

கதவு மூலையில் அத்தை நின்றிருந்தாள். அப்பாவுக்கு மூத்தவள். இரண்டு முழங்காலும் தேய்ந்து போனவள். அந்த முழங்கால்களுக்கு வாராவாரம் பயிற்சி கொடுப்பவளே மகள்தான். அத்தை எப்போது வந்தாள், எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று மகளுக்குத் தெரியவில்லை. அத்தை கதவு நிலையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டிருந்தாள். சேலைக்குள் கால் நடுங்குவது தெரிந்தது.

"உக்காருங்க அண்ணி" என்றாள் அம்மா. "எவ்வளவு நேரமா இப்படிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க? ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"இல்லைம்மா, தம்பியைப் பாத்துக்கிட்டு..." என்று அத்தை உட்கார்ந்தாள்.

சேர்மன் பாதி மடங்கிய முழங்காலை நிமிர்த்தினார். அந்த நேரம் பார்த்து புகைப்படக்காரர் ஒன்று எடுத்துவிட்டார். "அதை அழிச்சிடுங்க" என்று பி.ஆர்.ஓ. கிசுகிசுத்தது எல்லோருக்கும் கேட்டது. யாரோ ஒருவர் இருமி மறைத்தார். "நான் கீழ இருக்கேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுச் சேர்மன் கிளம்பினார்.

மகளுக்குச் சந்தோஷப்பட முடியவில்லை. முகம் கொதித்தது. கேமரா முன்னால் உட்கார்ந்திருந்தவர்களும் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். அம்மா அவள் பக்கம் கையை நீட்டினாள்.

"சாவியக் குடு."

"நானே திறக்கிறேன்" என்றாள் மகள்.

நாற்காலிகள் வெளியே வந்தன. நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். அவர்கள் உட்கார்ந்த வேகத்தைப் பார்த்தபோது அவளுக்கு மறுபடி வெட்கமாக இருந்தது.

கிளம்பும் நேரம் வந்தது. பெட்டி லிஃப்ட்டில் நுழையவில்லை. மூன்று மாடியும் படிக்கட்டில்தான். மாமாவும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மூவரும் தூக்கினார்கள். திருப்பத்துக்குத் திருப்பம் "பாத்து, பாத்து" என்ற மாமாவின் குரல் கேட்டது. பாதி வழியில் அந்தக் குரல் மாறியது.

"நில்லுங்கப்பா. எனக்கு மூச்சு முட்டுது. கொஞ்சம் இறக்கணும்."

"இங்கயே தரையில வெச்சிடலாமா?" என்றார் முன்னால் பிடித்திருந்தவர்.

"தரையில வேணாம்" என்று மேலிருந்து அம்மா சொன்னாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

மகள் படியேறி ஓடினாள். சாப்பாட்டு மேசை நாற்காலிகள் இரண்டை, கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். படித் திருப்பத்தில் அவற்றை எதிரெதிரே போட்டாள். பெட்டியை அவற்றின்மேல் இறக்கினார்கள். மாமா சுவரில் சாய்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார்.

கீழேயிருந்து பி.ஆர்.ஓ. இரண்டு இரண்டு படியாக ஏறி வந்தான். "என்னாச்சு மேடம்? சீக்கிரம். ஐயா கீழ வெயில்ல நிக்கிறார்."

"நிக்கட்டும்."

அவன் மாமாவைப் பார்த்தான். மாமா துண்டை உதறி மறுபடியும் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அம்மா மெல்ல இறங்கி வந்தாள்.

ஒரு நாற்காலியின் கால் கொஞ்சம் ஆடியது. அது அப்பா வழக்கமாக உட்காருவது. ரொம்ப நாளாகவே ஆட்டம் உண்டு. மகள் குந்தி உட்கார்ந்து அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.