மூச்சு விடாதே

மாமாவின் முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே வந்த மருமகளின் கை மூக்குத்தண்டில் வந்து நின்றது. மூக்கு வழவழவென்று இருந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு தழும்பு இல்லை.

“என்ன அப்படியே நின்னுட்ட? தொடச்சு முடி. மூணு மணிக்கு வண்டி வந்துரும்” என்றாள் நாத்தனார்.

துடைத்து முடித்தாள். வாளித் தண்ணீரைக் கொட்டப் போகிற சாக்கில் குளியலறைக் கண்ணாடியில் தன் மூக்கைப் பார்த்துக்கொண்டாள். மூக்குத்தண்டின் குறுக்கே சிவந்த தடம் அப்படியே இருந்தது. காலையிலிருந்து வந்துபோனவர்களில் நாலு பேராவது அதைப் பார்த்திருப்பார்கள். அழுது அழுது மூக்கைத் துடைத்ததில் வந்தது என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் அவள் இன்னும் அழவே இல்லை.

முன்னறையில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. “பெத்த மகளா இருந்தாக்கூட இப்படிப் பாத்திருக்க மாட்டா” என்று அடுத்த வீட்டு டீச்சர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். பெற்ற மகளான நாத்தனார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். “ஆமா, எனக்கெங்க அந்தக் கொடுப்பினை” என்று அவள் மூக்கை உறிஞ்சினாள்.

மருமகளுக்கு எரிச்சலாக வந்தது. சாவு வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் புகழ்ச்சிக்கு மட்டும் வராது. அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து கார்டுக்காரம்மா வரவேண்டும். அவள் மாமாவின் மூச்சு மெஷினை எடுத்துக்கொண்டு போவதற்குள் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் புரியாது, புரிந்தாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

மாமா வெல்டர். நாற்பது வருஷம் புகைக்கு மூக்கை மூடாமல் வேலை பார்த்தார். அந்தப் புகை போதாதென்று இடைவேளையில் சிகரெட். கடைசியில், உள்ளே போன காற்று வெளியே வர அடம்பிடிக்கும் நோய் வந்து சேர்ந்தது. கட்டிலிலிருந்து குளியலறைக்கு நடப்பதற்குள் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். “ரெண்டு ஸ்டாப்பிங்” என்பார் சிரித்துக்கொண்டே.

ஐந்து மாதத்துக்கு முன் பெரிய ஆஸ்பத்திரியின் மூச்சு டாக்டர் ஓர் ஆராய்ச்சி ஆரம்பித்தார். தொண்டைக்குள் குழாய் எதையும் இறக்காமல், முகமூடி வழியாகவே காற்றைத் தள்ளுகிற மெஷினை இந்த மாதிரி நோயாளிகளுக்கு வீட்டிலேயே கொடுத்தால் இன்னும் கொஞ்ச காலம் கூடுதலாக இருப்பார்களா என்று பார்க்கிற ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு மெஷின், மீதிப் பேருக்கு வழக்கமான மருந்து மட்டும். யாருக்கு எது என்பது ஒட்டிய கவருக்குள் இருக்கும். மாமாவின் கவரில் மெஷின் இருந்தது. அவர் எண் நாற்பத்தேழு. லாரி ஓட்டுகிற மகன், “எங்கப்பாவ ஆராய்ச்சிக்கு எடுத்திருக்காங்க” என்று போகிற ஊரிலெல்லாம் பரிசு விழுந்தது மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தான்.

பரிசு மூன்றே நாளில் பல்லிளித்துவிட்டது. மாமாவுக்கு முகமூடி ஒத்துவரவே இல்லை. மாட்டிய பத்து நிமிஷத்தில் பிய்த்து எறிந்துவிடுவார்.

“அமுக்கிக் கொல்லப் பாக்குதும்மா. நாப்பது வருஷம் நெருப்புக்கே மூடாத மூக்கு இது.”

மெஷினுக்குள் விரல் நகம் அளவுக்கு ஒரு கார்டு உண்டு. எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை மூச்சு, எவ்வளவு காற்று எல்லாம் அதில் பதிவாகும். மாதாமாதம் ஆராய்ச்சிக் குழுவிலிருந்து ஒரு பெண் வந்து அதைப் படித்துக்கொண்டு போவாள். அவளுக்குக் கார்டுக்காரம்மா என்று பெயர் வைத்தது மாமாதான். தினம் நாலு மணி நேரமாவது ஓடாவிட்டால் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவோம், மெஷினும் போய்விடும், பெரிய டாக்டர் மாதாமாதம் பார்ப்பதும் நின்றுவிடும் என்று அவள் முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தாள்.

“நான் பழகுற வரைக்கும் ஒரு வாரம் நீ போட்டுக்கம்மா” என்றார் மாமா. “உனக்கென்ன, நல்ல மூச்சு. யாரு மூக்குன்னு மெஷினுக்குத் தெரியவா போகுது?”

“வெளிய தெரிஞ்சா மாமா?”

“மெஷினுக்குள்ள விடு. வெளிய மூச்சு விடாத.”

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவருக்கு இருமல் வந்து, அது அடங்கப் பத்து நிமிஷம் ஆனது.

ஒரு வாரம் நாலு மாதமாக நீண்டது. மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு, முகமூடியை மாட்டிக்கொண்டு அவள் தூங்குவாள். புருஷன் வீட்டுக்கு வருகிற ஒன்றிரண்டு நாளில் மட்டும், அவன் வெளியே போன நேரம் பார்த்துப் பகலில் போட்டுக்கொள்வாள். நாளைக்குப் போட்டுக்கறேன், நாளைக்குப் போட்டுக்கறேன் என்பார் மாமா. வற்புறுத்தினால் அவருக்குக் கண் கலங்கிவிடும். அதைப் பார்க்க முடியாமல் அவளும் விட்டுவிட்டாள்.

இரண்டாவது மாதம் கார்டைப் பார்த்து டாக்டரே அசந்துபோனார். ரத்தத்தில் எவ்வளவு கெட்ட காற்று தங்குகிறது என்று பார்க்க மணிக்கட்டில் ஊசி குத்தி ரத்தம் எடுக்க வேண்டும். மாமா கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். போன தடவை குத்தியதில் உயிரே போய்விட்டதாம். டாக்டர் கார்டின் அச்சுக் காகிதத்தை இன்னொரு முறை புரட்டினார்.

“மூச்சு இவ்ளோ அருமையா இருக்கு. சரி விடுங்க, அடுத்த மாசம் எடுத்துக்கலாம்.”

அடுத்த மாதமும் அதே கதைதான். வெளியே வந்ததும் மாமா அவள் தோளைத் தட்டினார். “உன் மூச்சு என் கையக் காப்பாத்திருச்சும்மா.”

அதற்கப்புறம் அவர் நிறையத் தூங்க ஆரம்பித்தார். காலையில் தலை கனக்கிறது என்பார். பேச்சு நடுவிலேயே கண் சொருகும். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வருஷக்கணக்கில் உட்கார்ந்தபடியே விழித்திருந்த மனிதர் இப்போதாவது அசந்து தூங்குகிறாரே என்று வீட்டுக்குள் சத்தம் போடாமல் நடந்தாள். இன்று காலை, இறப்பை எழுதிக் கொடுக்க வந்த தெருக்கோடி டாக்டரிடம் அதை ஆறுதலாகச் சொல்லவும் சொன்னாள்.

“அது தூக்கமில்லைம்மா” என்றார் அவர், பேனாவை மூடிக்கொண்டே. “கெட்ட காத்து ரத்தத்துல ஏறினா அப்படித்தான் மயக்கும்.”

இன்று விடியும்போதும் முகமூடி அவள் முகத்தில்தான் இருந்தது. அரைத்தூக்கத்தில் புஸ், புஸ் என்ற சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. மாமா நன்றாக மூச்சு விடுகிறார் என்று நினைத்துக்கொண்டு இன்னும் அரைமணி நேரம் புரண்டு படுத்திருந்தாள்.

இரண்டு மணி சுமாருக்குக் கார்டுக்காரம்மா வந்தாள். உடலுக்கு முன்னால் தலை குனிந்து நின்றாள். நிமிரும்போது மாமாவின் முகத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாள். முகமூடி போடுகிறவர்களின் மூக்கு எத்தனையோ பார்த்தவள் அவள். பிறகு மருமகளின் பின்னாலேயே உள்ளறைக்கு வந்து மெஷினின் வயரைச் சுருட்டினாள். கார்டை உருவிக் கவரில் போட்டு மேலே நாற்பத்தேழு என்று எழுதினாள்.

“எல்லாரையும் விட அதிக நேரம் போட்டவர் இவர்தாங்க. போன வாரம் மீட்டிங்ல இவரோட கார்டத்தான் டாக்டர் படம் போட்டுக் காட்டினார்” என்றபடி நிமிர்ந்தாள். எதிரே நின்றவளின் மூக்கைப் பார்த்தாள்.

“அதுல இருக்கிறது என் மூச்சு” என்றாள் மருமகள்.

கார்டுக்காரம்மா கதவைப் பாதி சாத்தினாள். “எத்தனை நாளா?”

“எல்லா நாளும். அவரு பத்து நிமிஷம் தாண்டினதே இல்ல. அந்தக் கார்ட நம்பித்தான் டாக்டர் ஊசி குத்தி ரத்தம் பாக்காம விட்டாரு. எழுதிக்கங்க.”

கார்டுக்காரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, படிவத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மேலும் கீழும் பார்த்தாள். “முடிஞ்சதுக்குக் காரணம்னு நாலு கட்டம்தாங்க இருக்கு. இறப்பு, இடமாற்றம், விருப்பமில்லை, தொடர்பில்லை. நீங்க சொல்றத எழுத இதுல இடமே இல்ல.”

“ஓரத்துல எழுதுங்க.”

“ஓரத்துல எழுதக் கூடாது.” முதல் கட்டத்தில் டிக் அடித்தாள். குரலைத் தாழ்த்தினாள். “வேற யார்கிட்டயாவது இதப் பத்தி மூச்சு விட்டீங்களா?”

மருமகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரப் பார்த்தது. அதைக் கேட்டு அவளோடு சேர்ந்து சிரிக்கக்கூடிய ஒரே ஆள் முன்னறையில் படுத்திருந்தார்.

“இல்ல.”

“விடாதீங்க. ஆளே போயாச்சு. இனிமே சொல்லி யாருக்கு என்ன?”

“இந்த மெஷின் இன்னொரு வீட்டுக்குப் போகும்ல? நாப்பத்தேழுக்கு நல்லா வேலை செஞ்சுதுன்னு சொல்லித்தானே குடுப்பீங்க? அங்கேயும் ரத்தம் பாக்காம விட்டா?”

கார்டுக்காரம்மா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். முகமூடியை மட்டும் கட்டில்மேல் வைத்தாள். “மாஸ்க் இன்னொருத்தருக்கு ஆகாது. தூக்கிப் போட்டுருங்க” என்று சொல்லிவிட்டு, மெஷினை மார்போடு அணைத்துக்கொண்டு கொல்லைப்பக்கமாகவே போய்விட்டாள்.

மகன் வந்து சேர்ந்தபோது மணி மூன்றாகப் பத்து நிமிஷம். ராத்திரி போட்ட சட்டையோடு அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். அழுகை ஓய்ந்து நிமிர்ந்தபோது மனைவியின் கையிலிருந்த முகமூடியைப் பார்த்தான்.

“தூக்கியா போடப் போற? இத்தனை நாளு அவருக்கு மூச்சு குடுத்ததுடி. அவரோடயே போகட்டும்.”

அவள் வாய் திறப்பதற்குள் வாங்கிவிட்டான். அப்பாவின் தலையைத் தூக்கி வாரைப் பின்னால் கொண்டுபோனான். எட்டவில்லை. இழுத்துப் பார்த்தான். அப்போதும் எட்டவில்லை.

“முகம் வீங்கிருச்சு போல” என்றான்.

“அவகிட்ட குடுடா” என்றாள் நாத்தனார். “அவளுக்குத்தான் அப்பாவோட அளவு தெரியும்.”

டீச்சர் ஆமாம் என்று தலையாட்டினார். மருமகள் முகமூடியை வாங்கினாள். இரண்டு பக்க வாரையும் கடைசி வரைக்கும் தளர்த்தினாள். மாமாவின் தலையைத் தன் கையில் தாங்கி, மாட்டி, மூக்குத்தண்டின் மேல் சரியாக உட்கார வைத்தாள். வாசலில் வண்டி வந்து நின்றது. எல்லோரும் எழுந்தார்கள். அவர் பிய்த்து எறிந்தால் பிடித்துக்கொள்வதற்காக அவள் பழக்க தோஷத்தில் கையை நீட்டியபடியே நின்றாள்.