திரு. கந்தவேலனின் ஒப்புதல் கடிதம்

எனக்கு யார்மேலும் கோபப்படத் தெம்பில்லை. பத்து மணி நேரம் நின்றுகொண்டே டீ-சர்ட்டில் ஓட்டை தேடுகிறவளுக்குக் கோபம் என்பது இன்னொரு ஷிப்ட். ஆனாலும் அந்தப் பதிலைக் கேட்ட அன்று வந்தது.

நான் கோமளா. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஞாயிறானால் பக்கத்து ஊரான மங்கலத்தில் எங்கள் கும்மிக் குழுவுக்குப் பாட்டுக் கட்டிப் பாடுவேன். இதுவரை நாற்பத்திரண்டு பாட்டு. எல்லாம் என் வீடியோ சேனலில்தான் இருந்தன. போனில் இடமில்லாததால் ஏற்றியதும் அழித்துவிடுவேன். வேறெங்கும் பிரதி கிடையாது.

போன வருஷம் கல்யாண வீடியோக்காரர் ஒருவர் வந்து, "உங்க பாட்டு ஒண்ணு எங்க வீடியோவுல போட்டுக்கட்டுங்களாக்கா?" என்று கேட்டார். "தாராளமாப் போட்டுக்குங்க" என்றேன். வாய்விட்டுக் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. அது எப்படியோ ஒரு பாட்டுக் கம்பெனி கைக்குப் போய், டிரம்ஸ் சேர்ந்து, அவர்கள் பெயரில் பதிவாகிவிட்டது. பிறகு வீடியோ தளத்தின் இயந்திரம் என் சேனலைத் துழாவி, நான்தான் அவர்கள் பாட்டைத் திருடினேன் என்று கண்டுபிடித்தது. ஏழு நாளில் நிரூபிக்காவிட்டால் சேனலையே எடுத்துவிடுவார்களாம். நான் பாடி இரண்டு வருஷம், அவர்கள் பதிந்து இரண்டு மாதம். பிள்ளை யாருக்குப் பிறந்தது என்று எவரும் கேட்பதில்லை, ஆதார் அட்டை யார் கையில் என்பதுதான் பேச்சு.

வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்க்கிற எங்கள் மெர்ச்சண்டைசர் செந்தில்வேல் நன்றாக இங்கிலீஷ் எழுதுவான். டீ நேரத்தில் அவனிடம் போனேன்.

"பாட்டு உங்களுதுன்னு ஆதாரம் கேக்கறாங்கக்கா."

"பாட்டையே முழுசா எழுதி அனுப்பீருங்க தம்பி. கட்டுனவளுக்குத்தானே ஒரு அடி உடாமத் தெரியும்?"

அங்கேதான் என் புத்தி கெட்டது. கும்மியில் பாட்டுக் கட்டியவர் தன் பெயரைச் சொல்லக் கூடாது, வேலன் பெயரில்தான் முடிக்க வேண்டும். "கட்டினது நானில்லை, கந்தவேலன் கட்டினது" என்று நானும் முடித்திருந்தேன். செந்தில்வேல் அதை அப்படியே இங்கிலீஷில் மாற்றி அனுப்பிவிட்டான். அவனுக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் வந்த பதிலை அவன் தமிழில் படித்துச் சொன்னான். பாட்டைக் கட்டியது நான் இல்லை என்று நானே ஒப்புக்கொண்டிருக்கிறேனாம். திரு. கந்தவேலன் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் கடிதத்தை இணைக்க வேண்டுமாம்.

சிரிக்க ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"அங்க ஆளுக யார்கிட்டயாச்சும் பேச முடியாதுங்களா தம்பி?"

"ஆளே இல்லீங்கக்கா. எல்லாம் மெஷினுதான். கடைசி அடில உங்க பேரு வர்ற மாதிரிப் பாடி அனுப்பிப் பாப்பமா?"

கேன்டீனுக்குப் பின்னால் நின்று பாடினேன். "கந்தவேலன் கட்டவில்லை, கோமளா கட்டினது." பொய்யில்லை. உட்கார்ந்து ஒவ்வொரு அடியாகக் கட்டியது நான்தான். ஆனாலும் நாக்குக் கூசியது. கோயிலில் செருப்போடு நிற்பது மாதிரி இருந்தது. நாற்பத்திரண்டு பாட்டையும் நினைத்துக்கொண்டு, அனுப்பச் சொன்னேன்.

மூன்றே நிமிஷத்தில் பதில் வந்தது. பதிவிலிருக்கும் பாட்டோடு இந்த வரிகள் பொருந்தவில்லையாம், என் முறையீடு முடிந்ததாம். சாயங்காலம் வேலை முடிந்து பார்த்தபோது சேனல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கும்மிக்குப் போனேன். வீட்டில் இருந்தால் அழுகைதான் வரும். அதே பாட்டைத்தான் பாடச் சொன்னார்கள், பாடினேன். கடைசி அடி வந்தது. வேலன் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. அவன் கட்டவில்லை என்று என் வாயாலேயே சொல்லி அனுப்பியவள் நான். பெண்கள் என் குரலுக்காக ஒரு சுற்று சும்மா ஆடிப் பார்த்தார்கள். பிறகு அவர்களே அந்த அடியைப் பாடி முடித்தார்கள். நான் கையை மட்டும் தட்டினேன்.