மூன்று பேனாக்கள்

யஸ்வந்த் டாக்டரின் சட்டைப்பையில் மூன்று பேனாக்கள் இருக்கும். எதற்கென்று அன்றுதான் தெரிந்தது.

திருப்பதியில் நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில் அவர் மேல்படிப்புக்கு ஓர் ஆய்வு செய்கிறார். வயிற்று ஆபரேஷன் ஆனவர்களில் பாதிப் பேருக்கு விலாப்பக்கம் மரப்பு ஊசி, மீதிப் பேருக்கு முதுகுப்பக்கம். எது வலியை நன்றாகக் குறைக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆறு, பன்னிரண்டு, இருபத்திநாலு மணி நேரத்தில் நோயாளியிடம் பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டு எழுத வேண்டும். நாலைத் தாண்டினால் உடனே வலி மருந்து. சாட்சிக் கையெழுத்து என்னுடையது. மாதம் பிறந்ததும் முப்பது வெற்றுத் தாள்களில் மொத்தமாகப் போட்டுக் கொடுத்துவிடுவேன். இங்கே எல்லோரும் அப்படித்தான்.

கங்காதர நெல்லூர் பச்சையம்மாளுக்குக் காலை பத்து மணிக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். முதுகுப்பக்க ஊசி. மதியம் மூன்றுக்கே அவள் தாளில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. மூன்று வேளை கேட்டு எழுதியதுபோல், நீலத்தில் வலி ஒன்று, கறுப்பில் ஒன்று, பச்சையில் நாளைக் காலைக்கான பூஜ்யம்.

அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"பத்துக்கு எவ்ளோ வலிக்குதும்மா?"

"எட்டு இருக்கும்மா. கொடல முறுக்கிக்கினே இருக்குது."

"டாக்டர் வந்து கேட்டாரா?"

"யாரும் வர்லயே."

யஸ்வந்திடம் போனேன். டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"முதுகு ஊசிதான் பெஸ்ட்டுன்னு எங்க புரொபசர் சார் முடிவே பண்ணிட்டாரு கேசியாக்கா. நீங்க மருந்து போட்டா நம்பர் ஒதைக்கும். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க. கீழ உங்க சைன்தானே இருக்குது."

சிரித்தபடி சொன்னார். அந்த டீயை அவர் முகத்திலேயே ஊற்றியிருக்கலாம். நேராக வார்டுக்கு வந்து, பச்சையம்மாளுக்கு மருந்து ஏற்றினேன். ஒன்றை அடித்து எட்டு என்று எழுதினேன்.

அரை மணியில் அவள் முகம் தெளிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கக்கா ஜெயம்மாக்கும் போன மாசம் இங்கதான் ஆபரேசன். ரெண்டு நாளும் அழுதுக்கினே இருந்தாளாம். ஒருத்தரும் ஊசி போடல."

போன மாதத் தாள்கட்டை எடுத்துப் புரட்டினேன். ஜெயம்மா, முதுகுப்பக்கம். ஒன்று, ஒன்று, பூஜ்யம். கீழே என் குண்டுக் கையெழுத்து.

"அப்ப நீங்க டூட்டில இல்ல போலக்குது" என்றாள் பச்சையம்மாள்.

"லீவுல இருந்தேன்" என்றேன்.