இலவசச் சூடு

கரிக்கூடையை வாசலில் இறக்கியதும் லக்கியா காதைக் கொடுத்துக் கேட்டாள். உள்ளே சத்தமே இல்லை.

"பேரப்புள்ள அழவே இல்லையா?"

"ஏன் அழணும்?" சைக்கிளில் கரி மூட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் துக்கன் இளித்தான். "ராஜா வீட்டுப் பிள்ளைக்குக்கூட இப்படிக் கதகதப்பு கிடைக்காதுடி."

ஜரியா என்ற இந்தச் சுரங்க ஊரில் பூமிக்கு அடியில் நிலக்கரி எரிந்துகொண்டே இருக்கிறது. தோண்டியவர்கள் லாபத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். நெருப்பை விட்டுவிட்டுப் போனார்கள். அதன் மேல்தான் இவர்கள் சமைக்கிறார்கள், தூங்குகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள்.

பிள்ளை பெற்றவள் ஆறாம் நாள் சடங்கு வரை அறையை விட்டு வரக்கூடாது. மற்ற வீடுகளில் அவளுக்கு அருகே கனல் சட்டி வைப்பார்கள். துக்கனுக்கு அந்தச் செலவு கிடையாது. மருமகள் பின்னிக்குத் தரை நன்றாகச் சுடும் பின்னறையைக் கொடுத்தான். குளிருக்கு ஜன்னலில் சாக்கைத் திணித்தான். மூலையில் புகைந்த வெடிப்பைக் களிமண்ணால் பூசி, "புகையை நிறுத்திட்டேன், சூட்டை வச்சுக்கிட்டேன்" என்று தெருவெல்லாம் பீற்றினான். கண்ணுக்குத் தெரியாத, மணமில்லாத நஞ்சு எந்தச் சிறு வெடிப்பு வழியாகவும் வரும் என்று அவனுக்கு எவனும் சொல்லவில்லை.

லக்கியா கதவைத் தள்ளினாள். பின்னியின் வாயோரம் வாந்தி காய்ந்திருந்தது.

"அத்தே... தலை வெடிக்குது. எந்திரிக்க முடியல..."

பிள்ளை துணிபோலக் கிடந்தது. லக்கியா அதை அள்ளி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மருமகளின் அக்குளைப் பிடித்து இழுத்தாள். துக்கன் வாசலை மறித்தான்.

"ஆறு நாள் ஆகலடி! வெளிய காத்துக் கருப்பு அடிச்சிடும்!"

"அடிச்சது உன் தரைதான்யா! நகரு!"

வெளிக்காற்றில் பிள்ளையின் உள்ளங்காலைத் தேய்த்தாள், சுண்டினாள், மறுபடி தேய்த்தாள். கடைசியில் பூனைக்குட்டிபோல ஒரு முனகல். பிறகு அழுகை. பின்னிக்குக் கழுத்து நிற்கவில்லை.

அந்த நேரம் சுரங்க அதிகாரியின் ஜீப் வந்தது. லக்கியா குறுக்கே போய் நின்றாள்.

"ஆஸ்பத்திரிக்கு ஏத்துங்க சார்."

"இது ஆபீஸ் வண்டிம்மா. காலி பண்ணுங்க, காலி பண்ணுங்கன்னு எத்தனை தடவை சொன்னோம்? வீடுகூடக் கட்டிக் கொடுத்தோமே!"

"கொடுத்தீங்க. ஒரு ரூம். சுத்திப் பொட்டக்காடு. அங்க வேலையையும் கட்டிக் கொடுத்தீங்களா? எம் மேல ஏத்திட்டுப் போங்க. இல்ல இவள ஏத்துங்க."

தெருவே கூடிவிட்டது. அதிகாரி கதவைத் திறந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் பின்னியின் முகத்தில் பிராணவாயுக் குழாயை மாட்டினார்கள். "பொழைச்சுக்குவா. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ரெண்டும் போயிருக்கும்" என்றார் டாக்டர். துக்கன் சுவரில் தலையை முட்டிக்கொண்டான்.

"கரி நமக்குச் சோறு போடுதுன்னு நம்பினேனே லக்கியா..."

"போடுதுதான். நான் இல்லைன்னா சொன்னேன்?" என்றாள் அவள். கூடவே வந்து நின்ற அதிகாரியையும் விடவில்லை. "சார், நீங்களும் கேளுங்க. எங்க வயிறு, உங்க ஊரு விளக்கு, மில்லு, ரயிலு எல்லாம் இதுலதான் ஓடிச்சு. வெளிச்சம் உங்க வீட்டுக்கு, விஷம் எங்க வீட்டுக்குன்னு யாரு பங்கு பிரிச்சது? அனுபவிச்சவன்தான் நெருப்பையும் அணைக்கணும், எங்களுக்கு வேற பொழப்பும் காட்டணும்."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நீயும் கேட்டுக்கோய்யா. தோண்டினவன் விட்டுட்டுப் போன நெருப்புல குளிர் காஞ்சுக்கிட்டு, அதை வரம்னு பீத்திக்கிட்டு இருக்கிற வரைக்கும் எவனும் அதை அணைக்க வரமாட்டான்."